தொலைநோக்கி ஆடி மறுபூச்சு

தொலைநோக்கி ஆடி மறுபூச்சு என்பது தெறிப்புத் தொலைநோக்கியின் முதன்மை ஆடியில் மங்கிப்போன எதிரொளிப்புப் படலத்தை நீக்கிப் புதிய படலம் இடும் பணியாகும். முகம் பார்க்கும் கண்ணாடியில் வெள்ளிப் படலம் பின்புறத்தில் இருக்கும். செம்பும் வண்ணப்பூச்சும் அதனைக் காக்கும். தொலைநோக்கி ஆடியிலோ படலம் முன்பரப்பில், காற்று நேரே படும்படி உள்ளது. ஆகவே கண்ணாடிக் கடைகளின் வழக்கமான வேலைமுறை இதற்குப் பொருந்தாது.

வரலாறு

முற்காலத் தெறிப்புத் தொலைநோக்கிகளில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடிகள் இருந்தன. அவை மங்கினால் மீண்டும் மெருகேற்ற வேண்டும். அதனால் ஆடியின் வளைவே மாறிவிடும். 1850களில் சிடைன்கைல், பூக்கோ ஆகியோர் வெள்ளி பூசிய கண்ணாடி ஆடிகளைச் செய்த பின், வளைவைத் தொடாமல் படலத்தை மட்டும் மாற்ற முடிந்தது. 1930களில் ஜான் சுட்ராங் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறையை வளர்த்தார். 1935இல் மவுண்ட் வில்சனின் 100 அங்குல ஆடிக்கு அலுமினியம் பூசப்பட்டது.

தமிழகத்தில் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கு அவ்வளாகத்திலேயே அலுமினியம் பூசப்படுகிறது. தாம்பரத்து மொட்டைமாடியில் 6 அங்குல ஆடி வைத்திருப்பவருக்கு வெற்றிட அறை எட்டாக்கனி. அவர் வீட்டில் செய்யக்கூடியது வேதிமுறை வெள்ளிப் பூச்சே.

செலவு

புதிய வெள்ளி கட்புல ஒளியில் ஏறத்தாழ 95 விழுக்காட்டையும் அலுமினியம் 90 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் எதிரொளிக்கும். 100 நானோமீட்டர் தடிப்பில் 150 மில்லிமீட்டர் ஆடிக்குத் தேவையான வெள்ளி சுமார் 19 மில்லிகிராம் மட்டுமே. செலவு கூடுவது கரைசலின் பெரும்பகுதி வீணாவதால்தான். ஆனால் வெள்ளி விரைவில் கறுக்கும். காப்புப் படலமிட்ட அலுமினியம் பல ஆண்டுகள் நிற்கும். தூசி படிந்த ஆடி பெரும்பாலும் கழுவினாலே சரியாகிவிடும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசித் துளைகள் நிறையத் தெரிந்தால் மட்டும் மறுபூச்சு பற்றி எண்ணலாம்.

செய்முறை

பழைய அலுமினியத்தை நீக்க, மின்சுற்றுப் பலகை அரிப்பதற்கு ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் விற்கப்படும் பெரிக் குளோரைடு கரைசல் போதும். பின்னர் கண்ணாடியை நன்கு துலக்க வேண்டும். ஒரு விரல் ரேகை இருந்தாலும் அவ்விடத்தில் வெள்ளி ஒட்டாது. வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட, முதலில் பழுப்பு வீழ்படிவு தோன்றிப் பின் கரையும். எரிபொட்டாசு சேர்த்ததும் மீண்டும் பழுப்பாகும். அமோனியாவால் அதனையும் ஏறக்குறைய தெளியச் செய்து, ஒடுக்கியாகிய சர்க்கரைக் கரைசலைக் கலந்து ஆடிமீது ஊற்றினால் சில நிமிடங்களில் வெள்ளி படியும். வெள்ளியையும் ஒடுக்கியையும் தனித்தனியே தெளிக்கும் முறையும் உண்டு. அதில் கண்ணாடி முதலில் வெள்ளீயக் குளோரைடால் பக்குவப்படுத்தப்படும்.

தென்சென்னைச் சூழல்

இப்பகுதியில் முதல் இடர் நீர். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து பால்போல் வெளுக்கும். ஆகவே கடைசி அலசல் உட்பட அனைத்துக்கும் வடிநீரே வேண்டும். அதிலும் ஒரு துளி வெள்ளி நைத்திரேட்டு விட்டுச் சோதிப்பது நல்லது. அடுத்தது வெப்பம். 20 பாகை செல்சியசை ஒட்டிய நிலையில் படலம் சீராகப் படியும்; சித்திரை வெயிலில் கரைசல் விரைந்து சேறாகிவிடும். மார்கழி, தை மாத அதிகாலை ஏற்றது; பிற காலங்களில் பனிக்கட்டித் தொட்டியில் கரைசலைக் குளிரவைக்கலாம்.

வெள்ளியைக் கறுப்பாக்குவது ஐதரசன் சல்பைடு வளிமம். சாக்கடை, சதுப்பு நிலம், குப்பைமேடு, தோல் பதனிடுதல் ஆகியவற்றிலிருந்து அது வெளிப்படும். பள்ளிக்கரணை, பெருங்குடி, பல்லாவரம் பக்கம் வசிப்போர் ஆடியை மூடியிட்டு, ஈரமுறிஞ்சியும் செயலூட்டிய கரியும் உடன்வைத்துப் பாதுகாக்க வேண்டும். (குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது.) திருவான்மியூர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று அலுமினியத்தையும் அரிக்கும்.

எச்சரிக்கை

அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலை ஒருபோதும் சேமித்து வைக்கக் கூடாது. நாளடைவில் அதில் உருவாகும் கரிய வீழ்படிவு, தொட்டாலே வெடிக்கக்கூடிய வெள்ளி நைத்திரைடு ஆகும். வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது தயாரித்து உடனே பயன்படுத்த வேண்டும். கண்காப்பும் கையுறையும் கட்டாயம். மிஞ்சியதில் நீர்த்த ஐதரோகுளோரிக் காடியை அமிலத்தன்மை வரும்வரை உடனே சேர்த்தால் வெள்ளி, வெண்ணிற வெள்ளிக் குளோரைடாக அடியில் தங்கும். அதனை வடிகட்டி எடுத்து வைத்தால் வெள்ளியை மீட்கலாம்.