சென்னை ஆட்டோ மீட்டர் கட்டணம்

சென்னை ஆட்டோ மீட்டர் கட்டணம் என்பது சென்னை மாநகரில் ஓடும் மூன்று சக்கர வாடகை ஊர்திகளுக்குத் தமிழ்நாடு அரசு நிர்ணயிக்கும் பயணக் கட்டணம் ஆகும். இது 2007-ஆம் ஆண்டிலும் 2013-ஆம் ஆண்டிலும் மாற்றி அமைக்கப்பட்டது. 2013-க்குப் பின் 2025 தொடக்கம் வரை, 11 ஆண்டுகளுக்கும் மேலாக, திருத்தப்படவில்லை. சென்னையில் ஆட்டோவில் ஏறும் முன் பேரம் பேச வேண்டியிருப்பதற்கு ஓட்டுநர்களின் பேராசையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கட்டண ஆணைகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், விலைவாசி ஏற ஏற மீட்டரில் உள்ள கட்டணம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டதும் ஒரு முக்கியக் காரணம் என்பது விளங்கும்.

கோபாலபுரமும் வாடகை வண்டிகளும்

கோபாலபுரம், அவ்வை சண்முகம் சாலைக்கும் (பழைய பெயர் லாயிட்ஸ் சாலை) கதீட்ரல் சாலைக்கும் இடைப்பட்ட குடியிருப்புப் பகுதி. மாநகரப் பேருந்துகள் பெரிய சாலைகளோடு நின்றுவிடும். உள் தெருக்களில் வசிக்கும் முதியவர்கள், நோயாளிகள், பெட்டி படுக்கையுடன் ரயிலுக்குச் செல்பவர்கள் ஆகியோருக்கு வாசல் வரை வரும் வண்டி தேவை. ஒரு காலத்தில் ஜட்கா வண்டி இத்தேவையை நிறைவு செய்தது. அதன்பின் கை ரிக்‌ஷாவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் வந்தன. சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. ஆனால் அதுவும் தண்டவாளம் உள்ள சாலைகளுக்கு மட்டுமே பயன்பட்டது.

ரிக்‌ஷா என்னும் சொல், 'மனித ஆற்றலால் ஓடும் வண்டி' எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லின் சுருக்கம். மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை 1973-இல் தமிழ்நாடு அரசு ஒழித்து, இழுத்து வந்த தொழிலாளர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்களை வழங்கியது. அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி கோபாலபுரத்தில் வசித்தவர். பின்னர் சைக்கிள் ரிக்‌ஷாவின் இடத்தையும் ஆட்டோ படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. ஜட்காவுக்கும் ரிக்‌ஷாவுக்கும் கூலியைப் பேசித்தான் ஏறுவார்கள். ஆட்டோவில் மீட்டர் இருந்ததால், பேரம் இல்லாத பயணம் என்னும் எதிர்பார்ப்பும் அதனுடன் சேர்ந்து வந்தது.

மீட்டர் கணக்கிடும் முறை

வாடகை ஊர்திக்கான கட்டண மீட்டரை 1891-இல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் புரூன் உருவாக்கினார். சக்கரம் சுழலும் எண்ணிக்கையைக் கொண்டு தூரத்தை அளப்பதும், வண்டி நிற்கும் நேரத்தைத் தனியாகக் கணக்கிடுவதும் அதன் அடிப்படை. இன்றைய மின்னணு மீட்டரும் இதே இரண்டு அளவுகளைக் கொண்டே தொகையைக் காட்டுகிறது.

தூரத்தை அளப்பதுதான் மீட்டரின் வேலை. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதை அது தானாகத் தீர்மானிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 67-ஆவது பிரிவின்படி அந்த அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. அரசாணை மாறினால்தான் மீட்டரும் மாறும்.

2007, 2013 கட்டண ஆணைகள்

2007-இல் முதல் 2 கி.மீ.க்கு ரூ.14, அதன்பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் ரூ.6 என்று கட்டணம் வகுக்கப்பட்டது. இதன்படி கோபாலபுரத்திலிருந்து 5 கி.மீ. தூரம் செல்ல ரூ.32 ஆகும். அடுத்த ஆறு ஆண்டுகளில் எரிபொருள், உதிரி பாகங்கள், வீட்டு வாடகை எல்லாம் ஏறின. ஆட்டோ கட்டணம் மட்டும் ஏறவில்லை. நாளடைவில் பெரும்பாலான வண்டிகளில் மீட்டர் பெயரளவுக்கே இருந்தது. மீட்டர் போட்ட சிலரும் 'மேலே போட்டுக் கொடுங்க' என்று கேட்பது வழக்கமாயிற்று. தூரத்தைக் கூட்டிக் காட்டுமாறு மீட்டரைத் திருத்துவதை 'மீட்டருக்குச் சூடு வைப்பது' என்று நகர மக்கள் குறிப்பிட்டனர்.

இந்நிலை உச்ச நீதிமன்றம் வரை வழக்காகச் சென்றது. அதைத் தொடர்ந்து 25 ஆகஸ்ட் 2013 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதன் கூறுகள்:

முதல் 1.8 கி.மீ.க்குக் குறைந்தபட்சக் கட்டணம் ரூ.25.
அதன்பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் ரூ.12.
காத்திருப்புக் கட்டணம் 5 நிமிடத்துக்கு ரூ.3.50.
இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை 50 சதவீதம் கூடுதல்.

இதன்படி அதே 5 கி.மீ. பயணத்துக்கு ரூ.63.40 ஆகும். ஒரே நாளில் கட்டணம் ஏறத்தாழ இரு மடங்கானது. ஆறு ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டியது ஒரே தவணையில் ஏறியதால் பயணிகளுக்கு அது பெரும் உயர்வாகத் தோன்றியது. ஆனாலும் தொடக்கத்தில் பல ஓட்டுநர்கள் மீட்டர் போட்டு ஓட்டினர். காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் தணிக்கை நடத்தின. இடங்காட்டும் வசதியும் ரசீது அச்சிடும் வசதியும் கொண்ட மின்னணு மீட்டர்களை அரசு செலவில் இலவசமாகப் பொருத்தும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அத்திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

ஓட்டுநரின் கணக்கு

ஆட்டோ ஓட்டுநர்கள் எல்லோரும் வண்டி உரிமையாளர்கள் அல்லர். நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவர்கள் பலர். வாடகையும் எரிபொருளும் போக மிஞ்சுவதே அவர்களின் வருமானம். சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு வாடகை இல்லை. ஆனால் மாதத் தவணை, காப்பீடு, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் உள்ளன.

மீட்டர் பயணி ஏறியபின்தான் ஓடத் தொடங்கும். சவாரி தேடிச் சுற்றும் தூரமும், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரமும் அதில் சேராது. 'அங்கிருந்து ரிட்டர்ன் சவாரி கிடைக்காது' என்று ஓட்டுநர் மறுப்பதன் பின்னணி இதுவே. கட்டணத்தைக் கணக்கிடும்போது இந்தக் காலி ஓட்டத்தையும் சேர்த்தால்தான் அது நியாயமான கட்டணமாக இருக்கும்.

சென்னையில் பெட்ரோல் விலை 2021 ஜூலையில் லிட்டருக்கு ரூ.100-ஐத் தாண்டியது. அடுத்த மாதம் மாநில அரசு வரியில் ரூ.3 குறைத்தது. எரிபொருள் விலைக்கு ஏற்பக் கட்டணத்தைத் திருத்துவது குறித்து 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அரசுக்கு அறிவுறுத்தியது. தொழிற்சங்கங்களுடன் பேச்சுவார்த்தைகள் நடந்தன. எனினும் புதிய கட்டண ஆணை வெளிவரவில்லை.

செயலிகளின் வரவு

2010-இல் தொடங்கப்பட்ட ஓலாவும், 2013-இல் இந்தியாவுக்கு வந்த ஊபரும் கைப்பேசி வழியே வண்டி பிடிக்கும் முறையைப் பரவலாக்கின. ஏறும் முன்பே தொகை தெரிந்துவிடுவதால் பயணிகள் இதை விரும்பினர். ஆனால் தேவை மிகும் நேரங்களிலும் மழை நாட்களிலும் தொகை ஏறியது. ஒவ்வொரு சவாரியிலும் நிறுவனங்கள் பிடித்த கமிஷன் ஓட்டுநர்களின் மனக்குறையாயிற்று. இதனால் செயலியில் முன்பதிவு செய்த பிறகும் 'எவ்வளவு காட்டுது? மேலே எவ்வளவு தருவீங்க?' என்று தொலைபேசியில் கேட்கும் வழக்கம் உருவானது. தெருமுனையில் நடந்த பேரம் கைப்பேசிக்கு மாறியது.

மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், மாநில அரசு அறிவிக்கும் கட்டணத்தையே அடிப்படைக் கட்டணமாகக் கொள்கின்றன. நெரிசல் நேரத்தில் அதைப் போல இரு மடங்கு வரை வசூலிக்க இடமளிக்கின்றன. எனவே செயலிக் கட்டணத்துக்கு வரம்பு கட்டவும் காலத்துக்கேற்ற அரசுக் கட்டணம் தேவைப்படுகிறது.

2025 பிப்ரவரி 1: இரு நகரங்கள்

சென்னையில் ஆட்டோ தொழிற்சங்கங்கள் 1 பிப்ரவரி 2025 முதல் தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தன. முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.50, அதன்பின் கி.மீ.க்கு ரூ.18 என்பது அந்த அறிவிப்பு. கட்டணம் நிர்ணயிக்கும் உரிமை அரசுக்கே உண்டு என்பதால் இது சட்டப்படி செல்லாது. கூடுதலாக வசூலிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று போக்குவரத்துத் துறை எச்சரித்தது.

அதே நாளில் மும்பையிலும் ஆட்டோ கட்டணம் உயர்ந்தது. அங்கு அதை அறிவித்தது அரசின் போக்குவரத்து ஆணையம். குறைந்தபட்சக் கட்டணம் 1.5 கி.மீ.க்கு ரூ.23-இலிருந்து ரூ.26 ஆனது. மும்பையில் 2012-இல் ஹக்கிம் குழு, எரிபொருள், பராமரிப்பு, விலைவாசி ஆகியவற்றைக் கொண்டு கட்டணத்தைக் குறித்த காலத்தில் திருத்தும் சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. பின்னர் கதுவா குழு அதை மறுஆய்வு செய்தது. குறைந்தபட்சக் கட்டணம் 2015-இல் ரூ.18, 2021-இல் ரூ.21, 2022-இல் ரூ.23 எனப் படிப்படியாக ஏறியது. ஆண்டுதோறும் திருத்தம் நடக்காவிட்டாலும், நீண்ட காலம் தேங்கவில்லை. அங்கு மீட்டர் போட்டு ஓட்டுவது இயல்பான வழக்கமாக நீடிக்கிறது.

5 கி.மீ. பயணத்தை ஒப்பிட்டால், 2025 பிப்ரவரியில் மும்பை மீட்டர் சுமார் ரூ.86 காட்டும். சென்னையின் 2013 கட்டணம் ரூ.63.40. சங்கங்கள் அறிவித்தது ரூ.107.60. ரூ.63.40-ஐ ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் 11 ஆண்டுகள் உயர்த்தியிருந்தால் அது ஏறத்தாழ ரூ.108 ஆகியிருக்கும். பெரும் உயர்வாகத் தெரிந்த சங்கங்களின் கட்டணம், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வுக்குச் சமமானதே.

பிலிப்பைன்ஸ் ஒப்பீடு

பிலிப்பைன்ஸ் நாட்டின் சிறு நகரங்களில் மோட்டார் சைக்கிளுடன் பக்கப் பெட்டி இணைத்த 'ட்ரைசைக்கிள்' நமது ஆட்டோவின் வேலையைச் செய்கிறது. 1991-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இவ்வண்டிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு அளித்தது. கட்டணப் பட்டியலை நகர மன்றமே இயற்றுகிறது. ஊர் நிலவரம் அறிந்தவர்களே விலையை முடிவு செய்வது இதன் நன்மை. டாக்சிகளுக்கு மட்டும் தேசிய அளவிலான வாரியம் கட்டணம் வகுக்கிறது. மலை நகரமான பாகியோ, மீட்டர் தொகை போக மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கும் டாக்சி ஓட்டுநர்களுக்குப் பெயர் பெற்றது.

மதிப்பீடு

மீட்டர் இயங்காத நகரில் இழப்பு இரு தரப்புக்கும் உண்டு. இரவில் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரரும், மருத்துவமனைக்கு விரையும் முதியவரும் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை. அவர்கள் கேட்டதைக் கொடுக்க நேர்கிறது. மறுபுறம், ஆணைப்படி மீட்டர் போடும் நேர்மையான ஓட்டுநர் மற்றவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்து வீடு திரும்புகிறார். கூடுதல் வசூலுக்கு அபராதம் விதிப்பது அவசியமே. ஆனால் 2007-க்குப் பின் ஆறு ஆண்டுகளும், 2013-க்குப் பின் பதினோரு ஆண்டுகளும் கட்டணம் தேங்கிய வரலாறு, அபராதம் மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. குறித்த காலத்தில் தானாகத் திருத்தப்படும் கட்டணமும், அதன்பின் கண்டிப்பான தணிக்கையும் ஒருங்கே அமைந்தால்தான் பயணியும் ஓட்டுநரும் மீட்டரை நம்ப முடியும்.