அரையர் குல்லாயும் அரிஸ்டாட்டிலும்

மம்சாபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். மார்கழியில் போய்ப் பாருங்கள். ஆண்டாள் கோயிலில், கூம்பு மாதிரி உயரமான குல்லாய் வைத்துக்கொண்டு, கையில் தாளத்தோடு ஒருவர் நிற்பார். அவர்தான் அரையர். பாசுரம் பாடுவார், அபிநயம் பிடிப்பார், அப்புறம் வியாக்கியானம் சொல்வார். அரையர் சேவையில் ‘முத்துக்குறி’ என்று ஒரு பகுதி உண்டு. காதலில் வாடும் மகள், தவிக்கும் தாய், குறி சொல்லும் கட்டுவிச்சி... எல்லாமே அந்த ஒரே ஆள்தான்! திரை கிடையாது, செட் கிடையாது.

இது நாடகமா, இல்லையா?

நம்முடைய கல்லூரிகள் ரொம்ப காலம் இந்தக் கேள்வியையே கேட்கவில்லை. வெள்ளைக்காரன் வைத்த படிப்பில் நாடகம் என்றால் ஷேக்ஸ்பியர். அதுவும் புத்தகமாக. நம்மவர்களும் அந்த அச்சில்தான் வார்த்தார்கள். 1891-ல் திருவனந்தபுரம் கல்லூரிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, லிட்டன் என்ற ஆங்கிலேயரின் கதையைத் தழுவி, அங்கம், களம் என்று பிரித்து ‘மனோன்மணீயம்’ எழுதினார். நல்ல நூல், சந்தேகமே இல்லை. நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தே அதிலிருந்து வந்ததுதான். ஆனால், மேடையில் பார்த்தவர்களைவிடப் பரீட்சைக்குப் படித்தவர்கள்தான் அதிகம்.

அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். பாட்டு, வசனம், நடிப்பு எல்லாம் அங்கேயே பயிற்சி. டி.கே.எஸ். சகோதரர்கள் தேறி வந்த இடம் அதுதான். அதை நாடகக் கல்லூரி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆனால் ‘கூத்தாடிப் பயலுக’ என்றுதான் ஊர் சொன்னது. பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தன் நாடகப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தது. லேட்டாக வந்த மரியாதை!

டெல்லியிலும் இதே கதைதான். தேசிய நாடகப் பள்ளியை 1962 முதல் 1977 வரை நடத்திய இப்ராஹிம் அல்காஸி, லண்டனில் பயின்றவர். கண்டிப்பான வாத்தியார். அவரிடம் படித்தவர்தான் நம் நாங்குநேரிக்காரர் சே.இராமானுஜம். காந்திகிராமத்தில் நாடகப் பட்டறை, அப்புறம் திருச்சூர் நாடகப் பள்ளி, பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று கற்றுக்கொடுத்தே வாழ்ந்தவர். லண்டன் பாடத்தை அவர் தூக்கி எறியவில்லை. யூரிபிடிஸின் ‘ட்ராய் நாட்டுப் பெண்க’ளை எடுத்து, நம் ஊர் ஒப்பாரியைப் போட்டு ‘வெறியாட்டம்’ ஆக்கினார். ட்ராய் நாட்டு ராணி, நம் தெருவில் எழவு விழுந்த வீட்டுப் பொம்பளை மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

1999-ல் இன்னொன்று செய்தார். நாங்குநேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருக்குறுங்குடி கோயிலில், கைசிக ஏகாதசி இரவில் நடக்கும் கைசிக நாடகம் தேய்ந்துபோய்க் கிடந்தது. நாட்டியக் கலைஞர் அனிதா ரத்னமும் இவரும் சேர்ந்து அதை மீட்டெடுத்தார்கள். கதை தெரியுமா? கோயிலுக்குப் பாடப் போகும் நம்பாடுவானை வழியில் பிரம்மராட்சசன் பிடிக்கிறான். “பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் தின்னு” என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவன், சொன்னபடியே திரும்பி வருகிறான்!

இங்கே ஒரு வம்பு இருக்கிறது. நம்பாடுவான் தாழ்த்தப்பட்ட பாணர் குலம். வெளியே நின்று பாடியவன் கதையைத்தான் உள்ளே நடிக்கிறார்கள். இதை நடித்துவந்தவர்கள் தேவதாசிப் பெண்கள். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான். ஆனால் அவர்களின் கலைக்கு மாற்று இடம் யாரும் தரவில்லை. ஆக, எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு, ‘நம் மரபு’ என்று கும்பிட்டால் மட்டும் பாடத்திட்டம் சரியாகிவிடாது. யாரை வெளியே நிறுத்தினோம் என்பதையும் சேர்த்தே வகுப்பில் சொல்லவேண்டும்.

அரையர் விஷயம் இன்னும் சிக்கல். அது அப்பா பிள்ளைக்குச் சொல்லித்தருகிற வித்தை, பரம்பரை உரிமை. செமஸ்டரில் அடங்காது. மம்சாபுரத்திலிருந்து ஒரு பையனோ பெண்ணோ நாடகம் படிக்கப் போனால் அரிஸ்டாட்டில் கட்டாயம் கிடைப்பார், லைப்ரரியில் இருக்கிறார். அரையரைப் பார்க்க, மார்கழியில் லீவு போட்டுவிட்டு ஊருக்குத்தான் வரவேண்டும்.