ஓ. எம். நம்பியார்

ஒதயோத்து மாதவன் நம்பியார் (1932 – ஆகஸ்ட் 19, 2021) ஓர் இந்தியத் தடகளப் பயிற்றுநர் ஆவார். இந்திய வான்படையில் 15 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர், கேரள விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து, பள்ளியுடன் இணைந்த விளையாட்டுப் பிரிவில் மாணவிகளுக்குப் பயிற்சி அளித்தார். ஓட்ட வீராங்கனை பி. டி. உஷாவைக் கண்டறிந்து உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். துரோணாச்சாரியார் விருதை முதன்முதலில் பெற்ற மூவருள் இவரும் ஒருவர்.

வான்படையில்

நம்பியார் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரைக்கு அருகிலுள்ள மணியூரைச் சேர்ந்தவர். கோழிக்கோடு குருவாயூரப்பன் கல்லூரியில் பயின்றபோது சிறந்த ஓட்ட வீரராக விளங்கினார். கல்லூரி முதல்வரின் அறிவுரையை ஏற்று 1955ஆம் ஆண்டு வான்படையில் சேர்ந்தார். முப்படைகளுக்கு இடையிலான போட்டிகளில் பதக்கங்கள் வென்றார். எனினும் பன்னாட்டுப் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்கேற்கும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை.

பணியில் இருந்தபோதே, 1961இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் பட்டயம் பெற்றார். 1970இல் வான்படையிலிருந்து ஓய்வு பெற்றார்.

கேரள விளையாட்டுக் கழகம்

கேரள விளையாட்டுக் கழகத்தை நிறுவி அதன் தலைவராக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா. அவருடைய அழைப்பின் பேரில் நம்பியார் கழகத்தின் பயிற்றுநரானார். 1976இல் கேரள அரசு மாணவிகளுக்கான விளையாட்டுப் பிரிவைக் கண்ணூரில் தொடங்கியபோது, தடகளப் பயிற்சிப் பொறுப்பு இவரிடம் அளிக்கப்பட்டது.

மாணவியர் ஒரே இடத்தில் தங்கிப் படித்து, உணவும் உதவித்தொகையும் பெற்று, நாள்தோறும் ஒரே பயிற்றுநரின் கீழ்ப் பயிற்சி பெறுவது இம்முறையின் அடிப்படையாகும். வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் தடகளத்தில் தொடர்ந்து ஈடுபட இது வழிவகுத்தது. கல்லூரி அளவிலும் இதை ஒத்த முயற்சிகள் பயன் தந்தன. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்ற எம். டி. வல்சம்மா, பாலக்காடு மெர்சி கல்லூரியில் பயின்று, ஏ. கே. குட்டியிடம் பயிற்சி பெற்றவர்.

பி. டி. உஷா

கண்ணூர்ப் பிரிவில் சேர்ந்த உஷாவுக்கு அப்போது அகவை 12. அவரது மெலிந்த உடலமைப்பும் விரைவான நடையும் தம்மைக் கவர்ந்ததாக நம்பியார் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். செயற்கை ஓடுதளம் கிட்டாத நிலையில், உஷாவின் ஊரான பய்யோலியின் கடற்கரை மணலிலும் பயிற்சி நடந்தது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் உஷா தம் 16ஆம் அகவையில் பங்கேற்றார்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதன் இறுதிச் சுற்றில் உஷா 55.42 நொடிகளில் ஓடி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்ற உருமேனியாவின் கிறிஸ்டினா கோஜோகாருவின் நேரம் 55.41 நொடிகள். நொடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கை நழுவியதை எண்ணி அன்று அழுகையை நிறுத்த இயலவில்லை என்று நம்பியார் பல ஆண்டுகளுக்குப் பின்னர் கூறினார்.

1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா பெற்ற தங்கங்கள் மொத்தம் ஐந்து. அவற்றுள் தொடரோட்டம் உட்பட நான்கில் உஷாவின் பங்கு இருந்தது.

விருதுகளும் மறைவும்

பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. அவ்வாண்டில் நம்பியாருடன் குத்துச்சண்டைப் பயிற்றுநர் ஓம் பிரகாஷ் பரத்வாஜ், மற்போர்ப் பயிற்றுநர் பாலச்சந்திர பாஸ்கர் பாகவத் ஆகியோரும் இவ்விருதைப் பெற்றனர். இதற்கு 36 ஆண்டுகளுக்குப் பின், 2021 ஜனவரியில் நம்பியாருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது விழா அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்றது. அதற்கு முன்னரே, ஆகஸ்ட் 19 அன்று, நம்பியார் காலமானார்.

தாக்கம்

விடுதியில் தங்கிப் பயிலும் முறையை உஷாவும் பின்பற்றினார். 2002இல் அவர் தொடங்கிய உஷா தடகளப் பள்ளி கோழிக்கோடு மாவட்டத்தில் இயங்குகிறது. 800 மீட்டர் வீராங்கனை டின்டு லூக்கா இப்பள்ளியில் உருவானவர். 2022 டிசம்பரில் உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ்நாட்டில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் இதை ஒத்த விளையாட்டு விடுதிகளை நடத்தி வருகிறது.

இவற்றையும் பார்க்க

பி. டி. உஷா
துரோணாச்சாரியார் விருது
1984 கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகள்