249 கிராம் ட்ரோனில் 40 கிராம் கூட்டினால் என்ன ஆகும்? கே.கே. நகர் மொட்டை மாடியிலிருந்து ஒரு கணக்கு

கேமரா ட்ரோன் வாங்கிய முதல் வாரம் எல்லோரும் அதை அப்படியேதான் பறக்கவிடுவார்கள். இரண்டாவது வாரம் ஆசை வந்துவிடும். லென்ஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டர், இறக்கையைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம், இரவில் தெரிய ஒரு பிளிங்கர் லைட், தரையில் இறங்க உயரமான கால்கள், கடைசியாகக் கொஞ்சம் பெரிய பேட்டரி. ஒவ்வொன்றும் சில கிராம்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் தோன்றும்.

ஆகும். எவ்வளவு ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். கே.கே. நகரில் இருப்பவர் என்றால் பறக்கும் திறனோடு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் எல்லாப் பெட்டியிலும் 249 கிராம்?

சின்ன ட்ரோன்களின் பெட்டியில் '249 கிராம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உலகின் பல நாடுகளில் ட்ரோன் சட்டம் 250 கிராமில் ஒரு கோடு போடுகிறது. இந்தியாவும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. இந்த எடை பேட்டரி, கேமரா, நீங்கள் ஒட்டிய லைட் எல்லாம் சேர்த்துத்தான். கம்பெனி 249 கிராமில் நிறுத்தியிருக்கிறது என்றால், உங்களுக்கு மிச்சம் வைத்திருப்பது ஒரே ஒரு கிராம். ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலே தீர்ந்துவிடும்.

எடை கூடினால் நேரம் எவ்வளவு குறையும்?

ஸ்கூட்டியில் ஒருவர் போவதற்கும் இருவர் போவதற்கும் சமதளத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதுதான் வண்டி திணறும். ட்ரோனுக்குச் சமதளம் என்பதே கிடையாது. அந்தரத்தில் சும்மா நிற்பதற்குக்கூட அது எந்நேரமும் மேம்பாலம் ஏறிக்கொண்டேதான் இருக்க வேண்டும். நான்கு இறக்கைகளும் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும்.

ஒரே இறக்கையை வைத்துக்கொண்டு எடையை மட்டும் கூட்டினால், தேவைப்படும் மின்திறன் அதே விகிதத்தில் கூடாது. அதைவிட வேகமாகக் கூடும். எடையை ஒன்றரை மடிப் பெருக்கமாக எடுக்க வேண்டும் என்பது இயற்பியல். எடை 10 சதவீதம் கூடினால் மின்திறன் சுமார் 15 சதவீதம் கூடும். எடை 20 சதவீதம் கூடினால் மின்திறன் 31 சதவீதம் கூடும். அதாவது 30 நிமிடம் நின்று பறந்த ட்ரோன், 50 கிராம் சுமை ஏற்றியதும் 23 நிமிடத்துக்கு வந்துவிடும். பேட்டரி பழசாக இருந்தால் இன்னும் குறையும்.

நேரம்கூடப் பரவாயில்லை, சீக்கிரம் இறக்கிக்கொள்ளலாம். பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டார் தன் முழு பலத்தில் பாதியை வைத்து ட்ரோனைத் தூக்கி நிறுத்துகிறது என்று வையுங்கள். மீதிப் பாதிதான் காற்றை எதிர்க்க, சட்டென்று திரும்ப, கீழே இறங்கும்போது பிரேக் பிடிக்க. எடையை ஏற்ற ஏற்ற இந்தக் கையிருப்புதான் கரைகிறது. காற்றில்லாத காலை 6 மணிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மாலை கடற்காற்று எழும்பும்போதுதான் தெரியும்.

சென்னையில் இது முக்கியமான விஷயம். கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கே.கே. நகரிலிருந்து விருகம்பாக்கம் பக்கம் ட்ரோனை அனுப்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளும், ஜோராகப் போகும். திரும்பி வருவதோ எதிர்க்காற்றில். போகும்போது 20 சதவீதம் சார்ஜ்தான் செலவானது என்பதற்காக வருவதற்கும் 20 சதவீதம் போதும் என்று நினைத்தால், ட்ரோன் யாரோ ஒருவர் வீட்டு ஓட்டின் மேல்தான் இறங்கும்.

பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடாதா?

இதற்குக் கம்பெனியே கொடுத்த உதாரணம் ஒன்று இருக்கிறது. டி.ஜே.ஐ. மினி 3 ப்ரோ ட்ரோனுக்கு இரண்டு பேட்டரிகள் உண்டு. சாதாரண பேட்டரி 2,453 மில்லி ஆம்பியர் மணி, எடை சுமார் 80 கிராம், அதிகபட்சப் பறக்கும் நேரம் 34 நிமிடம். 'பிளஸ்' பேட்டரி 3,850 மில்லி ஆம்பியர் மணி, எடை சுமார் 121 கிராம், நேரம் 47 நிமிடம்.

கணக்கைப் பாருங்கள். கொள்ளளவு கூடியது 57 சதவீதம். நேரம் கூடியதோ 38 சதவீதம்தான். மீதி, கூடுதல் 40 கிராமைத் தூக்கவே செலவாகிவிட்டது. அதுவும் இந்த நிமிடங்கள் காற்றே இல்லாத இடத்தில், மணிக்கு 21.6 கிலோமீட்டர் சீரான வேகத்தில் பறக்கவிட்டு எடுத்தவை. நம்மூர் மாடியில் அது கிடைக்காது.

இன்னொன்று, பிளஸ் பேட்டரி போட்டதும் ட்ரோனின் எடை சுமார் 290 கிராம். நானோ வகையிலிருந்து வெளியே வந்துவிட்டது. இதனாலேயே ஐரோப்பாவில் அந்த பேட்டரியை டி.ஜே.ஐ. விற்கவில்லை.

இது கம்பெனி பேட்டரியின் கதை. வேறு லித்தியம் பேட்டரியை வாங்கி ட்ரோனின் முதுகில் டேப் போட்டு ஒட்டி, ஒயர் இழுப்பவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். எடை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கத்து இரண்டு மோட்டார்கள் மட்டும் எப்போதும் அதிகமாகச் சுற்றி, சூடாகி, முதலில் சாகும். பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று ட்ரோன் போடும் கணக்கும் தப்பாகிவிடும். உப்பிப்போன லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இறக்கையை மாற்றலாமா?

மாற்றங்களிலேயே உருப்படியான பலன் தரக்கூடியது இதுதான். ஆபத்தும் இதில்தான். 2017-இல் டி.ஜே.ஐ. தன் மேவிக் ப்ரோ ட்ரோனின் இறக்கை வடிவத்தையும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டையும் மாற்றி 'பிளாட்டினம்' என்று வெளியிட்டது. பறக்கும் நேரம் 27 நிமிடத்திலிருந்து 30 ஆனது, சத்தம் 4 டெசிபல் வரை குறைந்தது. இறக்கையை மட்டும் மாற்றவில்லை, சர்க்யூட்டையும் சேர்த்தே மாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாம் கடையில் வாங்கிப் போடும் இறக்கை சற்று நீளமாக இருந்தால் மெதுவாகச் சுற்றியே அதிகக் காற்றைத் தள்ளும், உண்மைதான். ஆனால் அதைச் சுற்ற மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நேரம் எடுக்கும். ட்ரோன் நேராக நிற்பதே நான்கு மோட்டார்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான். அதில் தாமதம் வந்தால் குடித்தவன் மாதிரி ஆடும்.

மலிவான இறக்கைகளில் இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்காது. அந்த அதிர்வு வீடியோவில் ஜெல்லி மாதிரி நெளியும். படம் எடுக்கத்தானே ட்ரோன் வாங்கினோம்?

இறக்கையைச் சுற்றிப் போடும் பாதுகாப்பு வளையத்துக்கும் இதே கதை. வீட்டுக்குள் பழகும்போது நல்லது. வெளியே போனால் அதன் எடை ஒரு பக்கம், காற்று பிடித்துத் தள்ளப் பாய்மரம் மாதிரி அது நிற்பது இன்னொரு பக்கம்.

ஃபில்டரும் லைட்டும்

வெயிலில் எடுக்கும் வீடியோ இயல்பாகத் தெரிய என்.டி. ஃபில்டர் தேவைதான். ஆனால் கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் கிம்பலின் மோட்டார்கள் மிகச் சின்னவை. சில கிராம் ஃபில்டரே அவற்றுக்குச் சுமை. உங்கள் மாடலுக்கென்றே செய்த எடை குறைந்த ஃபில்டரைத்தான் வாங்க வேண்டும். வேறு மாடலுக்கானதை மாட்டினால் திரையில் கிம்பல் ஓவர்லோட் எச்சரிக்கை வரும்.

லைட்டில் கவனிக்க வேண்டியது காந்தம். சில பிளிங்கர்கள் காந்தத்தால் ஒட்டுபவை. ட்ரோனுக்குத் திசை சொல்லும் காம்பஸ் அருகே காந்தமோ இரும்போ வந்தால் அது குழம்பி, ஒரே இடத்தில் நிற்க வேண்டிய ட்ரோன் வட்டம் போடும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். மொட்டை மாடியிலும் இதே பிரச்சினை உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி காம்பஸைக் குழப்பும். தளத்திலிருந்து நேராகக் கிளப்பாமல், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்துக் கிளப்புவது நல்ல பழக்கம்.

அப்படியானால் ட்ரோனை மாற்றியமைப்பதே தப்பா?

இல்லவே இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கிய 'தக்‌ஷா' மாணவர் அணியை நினைவிருக்கும். நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த அணி. 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அவர்கள் செய்தது கடையில் வாங்கிய குட்டி ட்ரோனில் பொருளை ஒட்டுவது அல்ல. என்ன சுமை, எவ்வளவு தூரம் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப மோட்டார், இறக்கை, சட்டகம் என்று ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுப்பதுதான் அந்த வழி. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி ட்ரோன் கட்டும் பொழுதுபோக்குக்காரர்களும் இந்த வழியில் போகலாம். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தபோதும், உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை.

கே.கே. நகரில் பறக்கவிடலாமா?

நேரடியான பதில்: அனுமதி இல்லாமல் முடியாது. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடி உயரம் வரைதான் அனுமதியின்றிப் பறக்கலாம் என்கிறது விதி. கே.கே. நகரோ மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. சிவன் பார்க்கிலோ சொந்த மாடியிலோ, நானோவாக இருந்தாலும் இது பொருந்தும். 2021 விதிகளின்படி மீறினால் அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். பிரதமர் போன்றோர் வரும் நாட்களில் சென்னை போலீஸ் தனியாகவும் தடை போடும்.

நகரத்தை விட்டுத் தெற்கே போனால் தாம்பரத்தில் விமானப்படைத் தளம், அதற்கும் அப்பால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதனால் எங்கே போனாலும் முதலில் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தைத் திறந்து பச்சை, மஞ்சள், சிவப்பு பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்க வேண்டும்.

250 கிராமைத் தாண்டினால் என்ன மாறும்? பொழுதுபோக்குக்கு மட்டும் பறக்கவிடுபவருக்கு மைக்ரோ வகையிலும் பைலட் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் தெரிந்தவர் கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுக்கப் போனால் கதை வேறு. நானோ என்றால் சான்றிதழ் வேண்டாம். அதே ட்ரோனில் பெரிய பேட்டரி போட்டு 290 கிராம் ஆகிவிட்டால், பைலட் சான்றிதழும் வேண்டும், அந்த ட்ரோன் மாடலுக்கு வகைச் சான்றிதழும் இருக்க வேண்டும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் வீடியோ தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மாற்றிய பிறகு எப்படிச் சோதிப்பது?

சமையலறையில் இருக்கும் கிராம் தராசு போதும். பேட்டரி, மெமரி கார்டு, ஃபில்டர் எல்லாம் போட்டு ட்ரோனை எடை பாருங்கள். பிறகு பச்சை மண்டலத்தில், ஆள் இல்லாத திறந்தவெளியில், ஆளுயரத்தில் இரண்டு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். இறக்கிவிட்டு, இறக்கைகள் முழுதாக நின்ற பிறகு, நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் எடை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது அந்த மோட்டாரிலோ இறக்கையிலோ கோளாறு. நான்குமே விரல் வைக்க முடியாத அளவு சுட்டால், கடைசியாகப் பொருத்தியதைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தால் எதனால் சுடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.