ஈரானின் அணுசக்தித் திட்டமும் உலக நாடுகளின் கவலையும்

ஈரானின் அணுசக்தித் திட்டம் மன்னர் ஷா காலத்தில், 1957இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் தொடங்கியது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை ஈரான் 1970இல் ஏற்றது. புஷேர் அணுமின் நிலையப் பணியை ஜெர்மன் நிறுவனம் 1975இல் தொடங்கியது. புரட்சியும் ஈராக் போரும் குறுக்கிட, ரஷ்யா முடித்துக்கொடுத்து 2011இல்தான் மின்சாரம் வந்தது.

உலகின் கவலைக்குக் காரணம் இந்த உலை அன்று. 2002இல் வெளிச்சத்துக்கு வந்த நத்தான்ஸ் செறிவூட்டல் ஆலை. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு. யுரேனியம் ஹெக்சாபுளோரைடு வாயுவை உருளைக்குள் அதிவேகமாகச் சுழற்றினால் கனமான மூலக்கூறுகள் சுவரோரம் ஒதுங்கும். யுரேனியம்-235 கொண்ட இலேசானவை நடுப்பகுதியில் கூடும். இதையே உருளை உருளையாகத் தொடர்ந்தால் செறிவு ஏறும். மின் உலைக்குப் பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு போதும். குண்டுக்குச் சுமார் 90 வேண்டும். இரண்டுக்கும் ஒரே இயந்திரம்தான். சிக்கலின் வேரே இதுதான்.

உலக வல்லரசுகளுடன் ஈரான் செய்துகொண்ட 2015 உடன்பாடு செறிவை 3.67 விழுக்காட்டிலும் செறிவூட்டிய யுரேனிய இருப்பை 300 கிலோவிலும் நிறுத்தியது. ஈரான் அதைக் கடைப்பிடிப்பதாகப் பன்னாட்டு அணுசக்தி முகமை அறிக்கை தந்துகொண்டிருந்தபோதே, 2018இல் அமெரிக்கா விலகியது பெரும் பிழை. அதன்பின் வரம்புகளை மீறிய ஈரான் 2021இல் 60 விழுக்காட்டுச் செறிவை எட்டியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் அணு நிலையங்களைத் தாக்கின; செப்டம்பரில் ஐ.நா. தடைகள் மீண்டும் விதிக்கப்பட்டன.