கோட்டையூர்க் காகிதங்கள்

காரைக்குடியில் ஆய்வு என்றாலே மின்வேதியியல்தான். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. 1985இல் வந்த அழகப்பா பல்கலைக்கழகத்தில் இயற்பியல், தமிழ், தொண்டியில் கடலியல், மகளிரியல் என ஆய்வு விரிந்தது.

மகளிரியலுக்கு வேண்டிய சான்றுகளோ அதே கோட்டையூரில், ரோஜா முத்தையா வீட்டில் இருந்தன: பெண்கள் பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், திருமண அழைப்பிதழ்கள். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் நூலகமாயின. பத்திரமாகவே இருக்கின்றன, மறுக்கவில்லை.

ஆனால், கணவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனபோது வீட்டையும் வரவுசெலவையும் பார்த்த ஆச்சிகளின் முறைச்சிட்டைகள் இன்னும் இங்கேதான், இரும்புப் பெட்டிகளில். பழம்பொருள் கடைக்குப் போகுமுன் படித்துவிட, மாணவிகளை வளவு வளவாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.