ஹெரால்டின் கூரை

தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூர் தாண்டி இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையிலிருந்து 1961-ல் ஹெரால்ட் கார் வெளிவந்தது. அதன் கூரை போல்ட்டுகளால் பூட்டியது. காரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஸ்டாண்டர்டுக்கு பாடி அடித்துத் தந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. எனவே பல இடங்களில் துண்டுதுண்டாகச் செய்வித்துப் பூட்டினார்கள்.

அன்றைய அவர்கள் சங்கடம் இன்று நமக்கு உபகாரம். கடற்காற்றில் துருவேறும் கூரையைத் தனியே கழற்றிவிடலாம். மேலாக பட்டி அப்பி மறைத்தால் துரு உள்ளே தின்றுகொண்டேயிருக்கும். பளிச்சென்று தகடு தெரியும்வரை சுரண்டி, ஓட்டைக்குப் புதுத் தகடு பற்றவைத்து, ரெட் ஆக்ஸைடு பூசிய பிறகே வர்ணம்.

1988-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. புதுக் கூரைக்கு எங்கே போவது? மிஞ்சிய ஹெரால்டுகளின் ஆயுள், நான் அறிந்தவரை, டிங்கரின் பொறுமையில்தான் இருக்கிறது.